ஒன்பதாம் வளைவில் இரண்டு பேர்

நான் இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேன் கண்ணு. முதலிலேயே சொல்லி வைக்கிறேன். எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. ஏழாவதோடு நின்றவள். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்வேன், நடுவில் கேஸை அணைத்தேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். நீயோ பூனாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருக்கிறாய். உன் அப்பா விஷயம். தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பு உன்னோடு ரயில் ஏறிப் போய்விடும். அப்புறம் நான் எங்கே வந்து திருத்துவது?

டீ ஆறுகிறது பார். குடி.

அன்றைக்குப் போனில் நீ கேட்டாய், "அப்பா கடைசியா என்னங்க அத்தை சொன்னாரு?" என்று. நான், "ஒண்ணுமே சொல்லலை கண்ணு" என்றேன். கார்ப் பந்தயக் கிளப் செயலாளர் கிருபாகரனிடமும் அப்படித்தான் சொன்னேன். இரங்கல் கூட்டத்தில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள், அதிலும் அதையே சொன்னேன். ஐந்து மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது சரியில்லை. அதைத் திருத்தத்தான் உன்னை வரச் சொன்னேன். கேட்ட பிறகு நீ எழுந்து போய்விட்டாலும் சரி, திட்டினாலும் சரி. ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டு.

உன் அப்பா எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார். ட்ராக்கில் ஏதாவது நடந்தால் நாங்கள் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். எந்த வண்டி, எந்தச் சுற்று, என்ன நடந்தது. நான் எழுதினால் எழுத்துப் பிழை இருக்கும், டாக்டரெல்லாம் படிப்பார்களே என்று வெட்கம். "இதென்ன பரீட்சையா அம்மிணி? பார்த்ததை மட்டும் எழுது. நினைச்சதை எழுதாதே. அவ்வளவுதான் ரிப்போர்ட்டு" என்பார். அதன்படி சொல்லப் பார்க்கிறேன். பார்த்ததை மட்டும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மில்லை மூடினார்கள். இருபது வருஷம் நூல் ஓடும் மெஷினுக்கு முன்னால் நின்றவள் நான். நூல் சுற்றிக்கொள்கிற இரும்புக் கதிர் நூற்றுக்கணக்கில் சுழலும், எங்கே நூல் அறுந்தாலும் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். அறுந்த நூலைத் தேடிக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது. அது தானாகக் கண்ணில் பட வேண்டும். மில் போன பிறகு, பந்தயம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ராக்கில் டீயும் தக்காளிச் சாதமும் போடுகிற வேலை கிடைத்தது. பந்தயம் என்றால் டி.வி.யில் வருவது இல்லை. லேத் பட்டறை வைத்திருப்பவர், பல் டாக்டர், ஜவுளிக் கடைக்காரர் எல்லாரும் பழைய காரைத் தாங்களே பிரித்து மாட்டிக்கொண்டு வந்து ஓட்டுவார்கள். ஜெயித்தால் ஒரு கப்பு. தோற்றால் அடுத்த மாதம் வரைக்கும் அதையே பேசுவார்கள்.

ஒரு நாள் டீ ஊற்றிக்கொண்டே சொன்னேன், "அந்த மஞ்சக் காருக்கு அடியில என்னமோ சொட்டுதுங்க." ஒருத்தரும் திரும்பவில்லை. உன் அப்பா மட்டும் திரும்பினார். கார் அடுத்த வளைவில் தன் எண்ணெயிலேயே வழுக்கி மூன்று சுற்று சுற்றி நின்றது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"அத்தனை தூரத்துல உனக்கு எப்படி அம்மிணி தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுதுங்க."

"டீக்கு வேற ஆள் போட்டுக்கலாம். நீ எங்கூட வா."

"அய்யோ, எனக்குப் பயமுங்க. ரோட்டைத் தாண்டவே நான் யாராச்சும் தாண்டட்டும்னு நிப்பேன்."

"பயம் இருக்குதா? நல்லதாப் போச்சு. பயமில்லாதவனுக ரெண்டு பேரை வெச்சுக்கிட்டு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்."

அப்போது எனக்கு நாற்பத்தொன்று. அவருக்கு ஐம்பது. உன் அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. காரோட்டுவதை அதோடு விட்டுவிட்டு, கொடி பிடிக்க நின்றுகொண்டிருந்தார். எங்களை மார்ஷல் என்பார்கள். சம்பளம் கிடையாது. ஒரு ஆரஞ்சு சட்டையும் மத்தியானச் சோறும்தான். என் வீட்டுக்காரர், "சும்மா போய் வெயில்ல நிக்கறதுக்கு ஒரு சட்டை வேறயா" என்று சிரித்தார். எனக்கு அந்தச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடும்போது ஒரு இது. மில்லில் இருபது வருஷம் நின்றதற்கு ஒருத்தரும் சட்டை கொடுக்கவில்லை.

எங்களுக்கு ஒன்பதாம் வளைவு. கடைசிக் கோடி. ஆள் நடமாட்டம் இருக்காது, மேடை இருக்காது, போட்டோ பிடிக்கிறவர்கள் வர மாட்டார்கள். ஒரு மண் மேடு, ஒரு இரும்புத் தடுப்பு, ஒரு வேலமரம். அவ்வளவுதான். அங்கே இரண்டு பேர் நிற்க வேண்டும், முதுகோடு முதுகு. நான் வண்டி வருகிற பக்கம் பார்ப்பேன், கையில் நீலக் கொடி. பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு என்று மெதுவாக ஓட்டுகிறவருக்குக் காட்டுவது. உன் அப்பா வண்டி போகிற பக்கம் பார்ப்பார், கையில் மஞ்சள் கொடி, ரேடியோ. வளைவுக்கு அந்தப் பக்கம் யாராவது மோதிக்கொண்டால் அவர் மஞ்சளை ஆட்டுவார். வருகிறவர்களெல்லாம் வேகத்தைக் குறைப்பார்கள்.

அதாவது கண்ணு, நான் பார்க்க முடியாததை அவர் பார்ப்பார். அவர் பார்க்க முடியாததை நான் பார்ப்பேன். ஒருத்தரை ஒருத்தர் மட்டும் பார்க்க முடியாது.

அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். மற்ற வளைவுகளில் கிடையாது, எங்களுக்குள் மட்டும். ஒவ்வொரு சுற்றிலும் கடைசி வண்டி போன பிறகு, முதல் வண்டி மறுபடி வருவதற்குள் பதினைந்து இருபது நொடி சும்மா இருக்கும். அப்போது, "குணா?" என்பார். நான், "இருக்கேண்ணா" என்பேன். அவ்வளவுதான். "வண்டி வர்ற பக்கம் எந்தக் காரணத்துக்கும் முதுகைக் காட்டாதே. ஆனா கூப்பிட்டுப் பதில் வரலைன்னா, கூப்பிட வேண்டிய நேரத்துல சத்தம் வரலைன்னா, திரும்பிப் பாரு. அதுக்கு மட்டும் திரும்பலாம்" என்று சொல்லியிருந்தார். எட்டு வருஷம். ஒரு பந்தயத்துக்குப் பத்துச் சுற்று, ஒரு நாளைக்கு ஐந்து பந்தயம். எத்தனை தடவை என் பேரைச் சொல்லியிருப்பார் பார். கட்டின வீட்டுக்காரர் கூட அத்தனை தடவை சொன்னதில்லை.

இரு, கேஸைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அணைத்துத்தான் இருக்கிறது.

சரி. இப்போது என் மனத்தாங்கலைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது புரியாது. எனக்கு ஒரு ஆசை இருந்தது. பந்தயம் முடியும்போது கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடியை ஆட்டுவார்களே, அது. மேடை மேல் நின்று ஆட்டுவார்கள். எல்லாரும் பார்ப்பார்கள். அதை ஆட்டிக்கொண்டிருந்த பெரியவர் முட்டி வலி என்று விலகிவிட்டார். அடுத்தது குணவதிதான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். கிருபாகரனே என்னிடம் சொன்னார், "ரெடியா இருங்கக்கா." நான் திருப்பூரில் இருக்கிற தங்கச்சியைக் குடும்பத்தோடு வரச் சொன்னேன். வெள்ளை ஷூ ஒன்று வாங்கினேன். மேடைப் படி வழுக்குமோ என்று இரண்டு நாள் முன்னாலேயே போய் ஏறி இறங்கிப் பார்த்தேன்.

பந்தய நாளன்று காலைக் கூட்டத்தில் பேர் வாசித்தார்கள். கட்டக் கொடி, கிளப் தலைவர் வீட்டு மருமகளுக்கு. ஒன்பதாம் வளைவு, வரதராஜ், குணவதி.

நான் கிருபாகரனைத் தனியாகப் பிடித்தேன். "என்னங்க தம்பி இது?" அவர் நெளிந்தார். "நான் உங்க பேரைத்தான் சொன்னேனுங்க. வரதண்ணன்தான் வேண்டாம்னாரு. 'குணா எங்கூட ஒன்பதுக்கு வரட்டும், எனக்கு அவ வேணும்'னு ஒரே பிடிவாதம்."

யாரோ சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உன் அப்பா! நேராகப் போய்க் கேட்டேன். அவர் ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"நான் அங்க ஏறக் கூடாதாங்கண்ணா?"

"அதுக்கில்ல அம்மிணி. இந்த ஒரு வாட்டி. நீ பொறகால நின்னாத்தான் எனக்குத் தைரியமா இருக்குது."

தைரியமாம்! இருபத்தைந்து வருஷம் ட்ராக்கிலேயே கிடந்த மனுஷருக்கு என்னால் தைரியமாம். சாக்கு என்று எனக்குத் தெரியாதா? ஏழாவது படித்தவள் மேடையில் ஏறக் கூடாது, அதுதானே. அல்லது ஃப்ளாஸ்க்கும் குடையும் தூக்க ஒரு ஆள் வேண்டும். அந்த மாதம் முழுக்க என்னைத்தான் எல்லாம் தூக்க விட்டார். தீயணைக்கும் சிலிண்டரைக் கூட. அதற்கு முன்னால் ஒரு நாளும் அதை என் கையில் கொடுத்தவர் இல்லை. அன்றைக்கு மண்மேட்டில் ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தார். என் பக்கத்தில் நடந்தால் நான் மறுபடி கேட்பேன் என்றுதான் வேண்டுமென்றே பின்தங்கினார். தாடையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "என்னங்கண்ணா?" என்றதற்கு, "கழுத்துப் புடிச்சுக்கிச்சு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முகம் இருந்தால்தானே.

ஏன் கண்ணு அழுகிறாய்? அட, அதற்கெல்லாம் அழாதே. அந்தக் கொடி மேல் இருந்த ஆசையெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது. உன் அப்பா எனக்குச் செய்த நல்லதுக்கு முன்னால் அது ஒரு குறையே இல்லை. நான் மன்னித்துவிட்டேன். மூக்கைத் துடை.

இனி பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

மத்தியானம் இரண்டாவது பந்தயம். பன்னிரண்டு வண்டி, பத்துச் சுற்று. என் தலைக்குள் வேறு என்னென்னவோ ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சி மேடைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு அக்கா எங்கே எங்கே என்று தேடுவாளே. வேலமரத்தடியில் காலையில் ஒரு பாம்புச் சட்டை பார்த்தேன், பாம்பு அங்கேயே இருக்குமோ. மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது, இடி இடித்தால் இரும்புத் தடுப்புக்குப் பக்கத்தில் நிற்கலாமா. நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள், உனக்குத் தெரியும்.

முதல் சுற்று முடிந்தது. கடைசி வண்டி போனது. "குணா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை.

கேட்காமல் இல்லை. கேட்டது. இருந்து தொலைக்கிறேன், திரும்பிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அவர் திரும்பினார், எனக்குத் தெரியும், காலடியில் சரளைக்கல் நெரிந்தது. நான் நிற்பதைப் பார்த்துவிட்டு மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இரண்டாவது சுற்று. வண்டிகள் போயின. மறுபடி, "குணா."

இந்தத் தடவை கேள்வியாக இல்லை. எப்படிச் சொல்வது? எப்போதும் கடைசியில் குரலைத் தூக்குவார். இதில் தூக்கவில்லை. கீழே இறங்கியது. அது மட்டும்தான் வித்தியாசம். நான் கேட்டேன். வித்தியாசம் தெரிந்தது. நூல் அறுந்தால் தெரிகிற மாதிரி தெரிந்தது கண்ணு. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. கெஞ்சட்டும் என்று நினைத்தேன்.

இதுதான் உன் அப்பா கடைசியாகச் சொன்னது. என் பேர்.

கொஞ்சம் இரு. முடிக்கவில்லை.

மூன்றாவது சுற்றில் சத்தம் இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். எனக்கு ஒரு சந்தோஷம் கூட, ஆகா, உறைத்துவிட்டது என்று. நாலாவது சுற்றிலும் இல்லை. கூப்பிட வேண்டிய நேரத்தில் சத்தம் வரவில்லை என்றால் திரும்ப வேண்டும். வண்டி எதுவும் இல்லை, ட்ராக் காலியாகக் கிடந்தது. திரும்பியிருக்கலாம். வண்டி வருகிற பக்கம் முதுகைக் காட்டாதே என்று நீங்கள்தானே சொன்னீர்கள், இதோ காட்டாமல் நிற்கிறேன் பாருங்கள் என்று விறைப்பாக நின்றேன். ஐந்தாவது சுற்று. ரேடியோவில், "ஒன்பது, ஒன்பது, பதில் சொல்லுங்க" என்று யாரோ கூப்பிடுவது கேட்டது. சத்தம் அவர் இடுப்பு உயரத்திலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது.

அப்போதுதான் திரும்பினேன்.

விழுந்து கிடந்தார். ட்ராக் பக்கமாக அல்ல, என் பக்கமாகத் திரும்பி விழுந்திருந்தார். நான் பதில் சொல்லவில்லையே என்று என்னைப் பார்க்கத் திரும்பினாரா, இல்லை என்னைத் துணைக்குக் கூப்பிடத் திரும்பினாரா, எனக்குத் தெரியாது. அது பார்த்தது இல்லை, நினைத்தது. அதனால் அதைச் சொல்லக் கூடாது.

ரேடியோவை எடுத்து, "ஒன்பதுல ஆள் விழுந்துட்டாருங்க, வரதண்ணன் விழுந்துட்டாருங்க" என்று கத்தினேன். வண்டிகள் வருகிற சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் ட்ராக் வழியாகத்தான் வர வேண்டும், வண்டிகள் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். மஞ்சள் கொடி அவர் கையில் இருந்தது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். ஒரு கையை அவர் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, மறு கையால் ஆட்டினேன். பந்தயத்தை நிறுத்துகிற வரைக்கும் ஆட்டினேன். கொடியை விட்டுவிட்டு வாங்கக்கா என்று ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சொல்லியும் கை நிற்கவில்லையாம்.

டாக்டர் என்னிடம், "மாரடைப்பும்மா. உயிர் உடனே போயிருக்கும், நீங்க திரும்பியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார். எனக்காகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படியா, அதை நீதான் விசாரிக்க வேண்டும். என்னால் கேட்க முடியவில்லை. மூன்று சுற்று என்றால் நாலு நிமிஷம். நாலு நிமிஷத்தில் எத்தனையோ செய்யலாம் என்று எல்லா இடத்திலும் போர்டு எழுதி வைத்திருக்கிறார்களே.

சாயங்காலம் தாள் கொடுத்தார்கள். எழுதினேன். "அவர் ஒன்றும் சொல்லவில்லை. சத்தமில்லாமல் விழுந்தார். நான் உடனே திரும்பிப் பார்த்தேன்." எட்டு வருஷத்தில் நான் எழுதிய ஒரே பொய் ரிப்போர்ட். அதற்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். கடமை தவறாத மார்ஷல் என்று. அந்தப் பீரோவுக்குள் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் நீ எடுத்துக்கொண்டு போ. அது உன் வீட்டில் இருக்க வேண்டியது.

நேற்றுத்தான் வேறு தாள் எழுதினேன். இரண்டு தடவை கூப்பிட்டார், நான் பதில் சொல்லவில்லை, மூன்று சுற்று திரும்பவில்லை. கிருபாகரனிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அப்புறம், "இதை யாரும் கேக்கலியேக்கா" என்றார். "வரதண்ணன் கேட்பாருங்க" என்றேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பைலில் சேர்த்தாரா என்று தெரியவில்லை.

ட்ராக்குக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். என்னைப் பின்னால் நிறுத்தி ஒருத்தர் போனது போதும். ஆனால் ஒன்பதுக்கு ஆளில்லை. புதிதாக ஒருத்தரைப் போட்டிருக்கிறார்கள், வடிவேல் முருகன், பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். கட்டக் கொடியும் தருகிறேன் என்றார்கள், ஒன்பதோ மேடையோ நீங்களே சொல்லுங்கள் என்று. ஒன்பது என்றேன்.

போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். உக்கடத்தில் பழைய சாமான் கடையில் லாரிக் கண்ணாடி ஒன்று வாங்கினேன். டிரைவர் பின்னால் பார்ப்பதற்கு வெளியில் மாட்டியிருப்பார்களே, அகலமாக, அது. என் வீட்டுக்காரரைக் கூட்டிப் போய் இரும்புத் தடுப்பில் போல்ட் போட்டு மாட்டினேன். அவர், "எதுக்குடி இது, தலை சீவவா?" என்றார். மாட்டி முடித்து நின்று பார்த்தார், அப்புறம் தோள்துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். நான் வண்டி வருகிற பக்கம் பார்த்தபடியே நிற்கலாம், கண்ணை மட்டும் கொஞ்சம் நகர்த்தினால் போதும், பின்னால் நிற்கிறவர் தலையிலிருந்து கால் வரைக்கும் தெரிவார். கண்ணாடிக்குக் கோபம் வராது பார்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக நின்றோம். முதல் சுற்று முடிந்தது. கண்ணாடியில் பார்த்தேன், நின்றுகொண்டிருந்தார். இருந்தாலும், "அண்ணா?" என்றேன். "இருக்கேனுங்க" என்றார். இரண்டாவது சுற்று, "அண்ணா?" "இருக்கேனுங்க." நாலாவது சுற்றில் அவருக்குச் சலித்துவிட்டது.

"ஏனுங்க, அதான் கண்ணாடியில தெரியறேனில்லங்க?"

"தெரியுதுங்க. நல்லாத் தெரியுது. நீங்க வாயைத் திறந்து சொல்லுங்க."

சொன்னார்.